பானகம் குடித்தவர்கள், குடிக்காதவர்கள்

எழுபதுகளின் கடைசியில் ஒரு தில்லிக் கோடைக்காலம் முழுவதும் நான் என் கண்களையே பார்த்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் கண். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்ரூம் கண்ணாடியில் கண். டியூப்லைட் வெளிச்சத்தில் யார் கண்ணும் ஒரு தினுசாகத்தான் தெரியும் என்பதால் ஜன்னலோரம் போய், கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியில் மறுபடியும் கண். வயிற்றுப் பிள்ளையோடு இவளுக்கு என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது என்று எங்கள் பிரிவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளை விழியில் மஞ்சள் ஏறுகிறதா என்று பார்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் அடுத்த மேஜைக்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போது நாங்கள் கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு பால்கனி. என் கணவர் ஒரு அமைச்சகத்தில் வேலை பார்த்தார். நான் வேறோர் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தேன். ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் எண்ணிக்கொண்டு வருவதைக் கூட்டி, பெருக்கி, சோதித்து, இந்த உரம் போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா, அல்லது சும்மா அப்படி விழுந்ததா என்று சொல்வது என் வேலை. பிழைப்புக்காகத்தான் செய்தேன். உரம் போட்ட கோதுமை எக்கேடு கெட்டுப் போனாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது. எண்ணிப் பார்க்கிற விஷயத்துக்குள் நானே நிற்கவேண்டி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எல்லாம் ஸ்ரீராமநவமியில் ஆரம்பித்தது. எங்கள் காலனித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பொது ஹாலில் கூடிப் பூஜை செய்வது வழக்கம். பூஜை முடிந்ததும் பானகம், நீர்மோர், பயத்தம்பருப்பு. பானகம் என்றால் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, எலுமிச்சம்பழம் பிழிவது. அடுப்பில் ஏற்றுவதில்லை. பச்சைத் தண்ணீர். அன்றைக்கென்று பார்த்து காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்புறம் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு குழாய் இருந்தது. யாரோ ஒரு பெரிய டிரம்மைக் கொண்டுபோய் அதில் பிடித்து வந்தார்கள். வருடா வருடம் பானகம் கரைக்கிற மாமி எங்கள் மேல்மாடிக்காரர். அவர் அந்த டிரம்மிலேயே கரைத்தார்.

நான் ஒரு டம்ளர் வாங்கினேன். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதுமே கெரசின் மாதிரி ஒரு வாடை குப்பென்று அடித்தது. ஆனால் அந்த மாதங்களில் எனக்கு எது வாடை அடிக்கவில்லை? தாளிக்கிற கடுகு, பஸ் சீட், என் கணவரின் சட்டை எல்லாமே அடித்தது. மசக்கைக்காரியின் மூக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முழு டம்ளரையும் குடித்தேன். குடிக்காமல் வைக்க முடியாது. எங்கள் ஜனங்களுக்குள் சில விஷயங்களை யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கால் படுகிற இடத்தில் சிந்தக்கூடாது. மிஞ்சினால் துளசிச் செடிக்கு ஊற்றலாம், அதில் தோஷமில்லை. அதற்காகவே ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு பழைய வனஸ்பதி டின்னில் துளசி நின்றுகொண்டிருந்தது.

என் கணவர் அன்று லீவு நாளிலும் அலுவலகம் போயிருந்தார். பார்லிமெண்டில் யாரோ கேள்வி கேட்டிருந்தார்கள், அதற்கு இவர் பதில் எழுதவேண்டும். வராதவர்களுக்குப் பிரசாதம் எடுத்துப்போவதும் வழக்கம்தானே, அவருக்காக ஒரு சொம்பில் வாங்கி வந்தேன். சாயங்காலம் அவர் வந்தபோது அந்தச் சொம்பைத் திறந்ததுமே எனக்குக் குமட்டியது. "ஏன்னா, இது என்னவோ நாத்தம் அடிக்கறது. துளசிக்கு விட்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார்.

ஒரு மாதம் போனது. லூ என்கிற அனல்காற்று அடிக்க ஆரம்பித்த சமயத்தில் முதலில் பின் பிளாக்கில் ஒரு குமாஸ்தாவுக்கு மஞ்சள் காமாலை. அடுத்து அதே வரிசையில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள். பிறகு மேல்மாடி மாமியின் கணவர். ஒரு வாரத்துக்குள் காலனி முழுவதும் கீழாநெல்லி கிடைக்குமா என்று ஆளாளுக்குத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தில்லி வெயிலில் கீழாநெல்லிக்கு எங்கே போவது?

நான் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கே ஒரு வங்காளி லேடி டாக்டர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது தண்ணீரால் பரவுகிற காமாலை, உள்ளே போனதற்கு ஒரு மாதம் கழித்தும் வரலாம், இரண்டு மாதம் கழித்தும் வரலாம், மற்றவர்கள் படுத்திருந்து எழுந்துவிடுவார்கள் என்றார். "ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாதங்களில்..." என்று ஆரம்பித்து, "போன வருஷம் ஒரு பெண் இங்கே..." என்றார். அதற்குமேல் சொல்லாமல் பிரஷர் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றத் தொடங்கினார். போன வருஷத்துப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. என் பிரஷர் அன்றைக்கு எகிறிக் கிடந்தது.

காலனியில் அப்போது இரண்டு கட்சி. ஒரு கட்சி, குழாய்த் தண்ணீரில்தான் சாக்கடை கலந்திருக்கிறது என்றது. இன்னொரு கட்சி, ராமநவமிப் பானகம்தான் காரணம் என்றது. மற்றவர்களுக்கு இது வம்பு. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால், பிள்ளை உண்டானது தெரிந்த நாளிலிருந்து நான் கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொட்டதில்லை. அலுவலகத்துக்கும் பாட்டிலில் கொண்டுபோவேன். குழாய்தான் காரணம் என்றால் நான் தப்பித்தேன். பானகம்தான் காரணம் என்றால் நான் மாட்டிக்கொண்டேன். அத்தனை மாதத்தில் என் வயிற்றுக்குள் போன ஒரே பச்சைத் தண்ணீர் அந்த ஒரு டம்ளர்தான்.

பானகம் கரைத்த மாமி ஒரு நாள் கீழே இறங்கி வந்து என் சமையலறை வாசலில் நின்றார். பாவம், கணவர் படுக்கையில். தெருவில் இவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம்.

"நீ ஸ்டாடிஸ்டிக்ஸ்லதானே இருக்கே? கணக்குப் போட்டு நீயே சொல்லிடு. இவா எல்லாரும் என்னைக் கொலைகாரியாட்டம் பாக்கறா. பதினஞ்சு வருஷமா கரைக்கறேன்டி, ஒருத்தருக்கு ஒரு தும்மல் வந்ததுண்டா?"

"பாக்கறேன் மாமி" என்றேன். மாமிக்காக என்று சொன்னால் பொய். மாமி நிரபராதி என்று நிரூபணமானால் நானும் பிழைத்தேன் என்று அர்த்தம். எங்கள் இருவர் கேஸும் ஒரே கேஸ்.

அலுவலகத்தில் என் எதிர் மேஜையில் ஒரு பஞ்சாபிப் பெண் இருந்தாள். என் வயசுதான், என் பதவிதான், ஆனால் நாக்கு என்னுடையதைவிட நீளம். அவளிடம் மட்டும்தான் கண் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நாங்கள் இருவரும் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். காலனி முழுவதும் கேட்டு எழுதப்போகிறேன் என்றதும், "முதலில் கோட்டைப் போடு, பிறகு போய் எண்ணு" என்றாள்.

கோடு என்று அவள் சொன்னது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பானகத்துக்கும் காமாலைக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளவேண்டும். இதை நாங்கள் நல் ஹைபாதிஸிஸ் என்போம், தமிழில் இன்மைக் கருதுகோள் என்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்கிற கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தமே இல்லாவிட்டாலும், குடித்தவர்கள் பக்கம் கொஞ்சம் அதிகம் பேர் தற்செயலாகப் படுத்துவிடலாம். சீட்டுக்கட்டைக் குலுக்கி இரண்டு பேருக்குப் போட்டால் ஒருவர் கைக்கு சிவப்புச் சீட்டு கூடுதலாக விழுவதில்லையா? அதற்காக அவர் திருடிவிட்டார் என்றா சொல்வோம்? ஆனால் ஒரே கைக்கு அத்தனை சிவப்பும் போனால் சந்தேகம் வரும். எவ்வளவு கூடினால் சந்தேகப்படுவது என்பதுதான் கோடு. இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக நேர்வது நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவுதான் என்றால், தற்செயல் இல்லை என்று சொல்லிவிடலாம். எங்கள் அலுவலகத்தில் அதுதான் பழக்கம்.

"நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேனே" என்றேன். "பெரிய மனுஷி ஒருத்தி மேல் வீணாகப் பழி விழக்கூடாது பார்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோதுமைக்கு ஐந்து போதும். உனக்கு மட்டும் ஒன்றா? கோட்டைக் கடுமையாக்கினால் குற்றமில்லாதவள் மாட்டமாட்டாள், சரி. குற்றமுள்ளதும் சுலபமாகத் தப்பிக்குமே. இரண்டும் தப்புதான். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும் என்று உனக்கா நான் சொல்லவேண்டும்? நிஜத்தைச் சொல்லு, அந்த மாமிக்காகவா கேட்கிறாய்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தாளும் பேனாவுமாகத் தமிழ் வீடுகளில் ஏறி இறங்கினேன். ராமநவமிப் பானகம் குடித்தீர்களா, வீட்டில் யாருக்காவது காமாலை உண்டா? கேள்விகள் இவ்வளவுதான். எல்லா வீட்டிலும் உட்காரவைத்து மோர் கொடுக்க வந்தார்கள். மோர் என்றதுமே நான் எழுந்து ஓடினேன். குடித்தோம், குடித்தோம் என்றுதான் அநேகம் பேர் சொன்னார்கள். அன்று ஊரில் இல்லாதவர்கள், கூட்டத்துக்கு வராதவர்கள் மட்டும் குடிக்கவில்லை என்றார்கள். என் வீட்டில் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. குடித்தவள் நான். துளசிக்கு ஊற்றச் சொன்னது அவர் பங்கை. அவரைக் குடிக்காதவர்கள் பக்கம் நானே போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நானும் என் எதிர் மேஜைக்காரியும் உட்கார்ந்து நாலு கட்டம் போட்டோம். குடித்துப் படுத்தவர்கள், குடித்தும் படுக்காதவர்கள், குடிக்காமல் படுத்தவர்கள், குடிக்காமலும் படுக்காமலும் இருப்பவர்கள். கைஸ்கொயர் என்று ஒரு கணக்கு. சம்பந்தமே இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கவேண்டுமோ அதிலிருந்து நிஜ எண்ணிக்கை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். எங்கள் கோடு மூன்று புள்ளி எட்டு நான்கு. அதைத் தாண்டினால் பானகம் குற்றவாளி. கால்குலேட்டிங் மெஷினின் கைப்பிடியை அவள் சுற்றினாள். என்னைத் தொடவிடவில்லை.

விடை இரண்டரை.

தாண்டவில்லை. குடித்தவர்கள் பக்கம் நோய் கூடுதல்தான், ஆனால் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஒன்றை மறந்துவிடாதே. குற்றம் நிரூபணமாகவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். குற்றமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை" என்றாள். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது என் காதில் ஏறவேயில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சுடச்சுட ஜிலேபி வாங்கினேன். வாசலிலிருந்தே கத்தினேன். "ஏன்னா! குழாய்தான்! பானகம் இல்லை!"

அவர் என்னை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். "அச்சா. பக்காவா?" என்றார்.

"பக்கா."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். ஜிலேபியை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டார். வெயிலில் எதுவும் இறங்கவில்லையாம். என் சந்தோஷத்தில் நானே அவர் பங்கையும் சேர்த்துத் தின்றேன். ஆனாலும் அடுத்த நாள் காலையில் வழக்கம்போல அவர் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டு, கிழக்கு வெளிச்சத்தில் என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். காமாலை வந்த முதல் வாரத்திலிருந்தே இது தினசரிச் சடங்கு. இமையை இழுத்து, இரண்டு கண்ணையும் பார்த்து, "வெளுப்புதான்" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு மாமி இருந்தார், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பால்கனியிலிருந்தே கேட்டார். "ஏண்டி, முகமெல்லாம் தெளிஞ்சிருக்கே இன்னிக்கு?"

கணக்கைச் சொன்னேன். பானகம் காரணமில்லை மாமி, நான் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தவள், எனக்கு ஒன்றும் வராது என்றேன்.

"அட அசடே! அதை நிஜமாவே குடிச்சியா? கெரசின் நாத்தம் குடலைப் பிடுங்கித்தே! நான் அப்படியே துளசிக்கு விட்டுட்டேன்."

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "குடிச்சேன்னு சொன்னேளே மாமி! நான் எழுதிண்டுகூடப் போனேனே!"

"பின்னே? பேப்பரும் பேனாவுமா வாசல்ல நின்னுண்டு ராமர் பிரசாதம் குடிச்சேளான்னு நீ கேட்டா, கொட்டிட்டேன்னு எவ சொல்லுவா? அந்த மாமி காதுக்குப் போனா அவ மனசு என்ன பாடு படும்? துளசி குடிச்சா நாம குடிச்ச மாதிரிதாண்டி." கிளிப்பைக் கொடியில் குத்திவிட்டு மேலும் சொன்னார். "நான் மட்டும்னு நினைக்காதே. ஹாலுக்குப் பின்னாடி அந்த வேலியோரம் ஒரு வாரம் எறும்பு மொய்ச்சுதே, பாக்கலை நீ?"

பார்த்திருந்தேன். பஸ்ஸுக்குப் போகும்போது அந்த எறும்புச் சாரையைத் தாண்டித்தான் போனேன். டம்ளர் டம்ளராக வெல்லம் குடித்த எறும்புகள்.

அப்படியானால் அது மசக்கைக்காரியின் மூக்கு செய்த வேலை இல்லை, வாடை நிஜம். மசக்கை என்று என்னை நானே திட்டிக்கொண்டு குடித்துத் தொலைத்திருக்கிறேன். குடித்தோம் என்றவர்கள் குடிக்கவில்லை என்றால் என் கணக்கும் பொய். உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது. அதற்கும் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். அன்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை தாள் இல்லை, பேனா இல்லை, குடித்தீர்களா என்ற கேள்வியும் இல்லை. "மாமி, அன்னிக்குப் பானகத்துல உங்களுக்கும் கெரசின் வாடை அடிச்சுதா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒருத்தர் துளசிக்கு விட்டிருந்தார். ஒருத்தர் வேலியோரம் சாய்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவருமே ஒருவருக்கொருவர் தெரியாமல் கொட்டியிருந்தார்கள். குடித்தோம் என்று சொன்ன ஆரோக்கியசாலிகளில் ஒரு பெரிய பங்கு குடிக்கவேயில்லை. படுத்திருந்தவர்களை விசாரித்தால், அவர்கள் பக்தியோடு முழுக்கக் குடித்தவர்கள்.

மறுநாள் என் சிநேகிதியிடம் புது எண்களை நீட்டினேன். அவள் கைப்பிடியைச் சுற்றினாள். விடை ஏழுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஐந்துக்கான கோட்டைத் தாண்டியதோடு நிற்கவில்லை. நான் கெஞ்சிக் கேட்ட அந்த நூற்றில் ஒன்று கோட்டையும் தாண்டிவிட்டது. சம்பந்தமில்லை என்ற கருதுகோளை இனி எந்தச் சாக்குச் சொல்லியும் காப்பாற்ற முடியாது.

"எனக்கு வருமா?" என்று அவளைக் கேட்டேன். குழந்தைத்தனமான கேள்விதான். வேறு யாரைக் கேட்பது?

அவள் மெஷின்மேல் உறையைப் போட்டு மூடினாள். "இந்தக் கணக்கு கூட்டத்தைப் பற்றிப் பேசும். உன் ஒருத்தியைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது" என்றாள். பிறகு எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் பானக மாமியைச் சந்திக்காமல் எத்தனை நாள் ஒளிவது? ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "என்னடி சொல்றது உன் கணக்கு?"

"அந்த டிரம்மும் தண்ணியும்தான் மாமி. உங்க கை இல்லை" என்றேன். கணக்கு அப்படிப் பிரித்தெல்லாம் சொல்லவில்லை. அதை நானாகச் சொன்னேன். மாமி படியிலேயே உட்கார்ந்து புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் பயந்ததைப் போல நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. சோறு இறங்காவிட்டால் பயம், நன்றாக இறங்கினால் இது கடைசிப் பசியோ என்று பயம். எங்கே சொறிந்துகொண்டாலும் பயம். என் பயம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். என் கணவர் காலைக் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். எங்கள் மனிதர்கள் பூகம்பம் வந்தாலும் காபியை முடித்துவிட்டு எழுந்திருப்பவர்கள். எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், பால்தான் மோசமாக இருக்கவேண்டும் என்று பால் பூத்துக்குப் போய், "பாயிசாப், நீங்கள் விற்பது பாலா, சுண்ணாம்புத் தண்ணீரா?" என்று வரிசையில் நின்றவர்கள் முன்னால் ஹிந்தியில் சண்டை போட்டேன். அந்த மனிதர் மறுநாள் எனக்குத் தனியாக நல்ல பாட்டிலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் காபியையும் இவர் பாதியில் வைத்தார். சாயங்காலம் வந்ததும் படுத்துக்கொண்டார். வெயில், வெயில் என்றார். நானும் வெயில் என்றே நினைத்தேன். எனக்கு நினைப்பதற்கு வேறு நிறைய இருந்தது.

ஆனால் காலைச் சடங்கை மட்டும் அவர் ஒரு நாளும் விடவில்லை. சில நாள் எழுந்திருக்கச் சோம்பல்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். வந்து, பால்கனியில் வெளிச்சத்துக்கு நேராக என்னை நிறுத்தி, "மேலே பாரு" என்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். தில்லிக் கோடையில் புழுதி ஏறி, அது எப்போதும் ஒரே அழுக்கு நிறத்தில் இருக்கும். "வெளுப்புதான்" என்பார். அன்றைய பிழைப்பு ஆரம்பமாகும்.

டாக்டர் சொன்ன இரண்டு மாதக் கணக்கு முடிகிற தறுவாயில் ஒரு காலை. முந்தின நாள் புழுதிப் புயல் அடித்து, நாலு துளி மழையும் பெய்து, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. வெயில் நேராகப் பால்கனிக்குள் விழுந்தது. இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுப்புதான். இனிமே பயப்படாதே. தாண்டிட்டே" என்றார். எனக்கு அத்தனை நாள் பாரமும் ஒரே நொடியில் இறங்கியது. வானத்திலிருந்து பார்வையை இறக்கி, சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அவர் கண்கள் மஞ்சளாக இருந்தன.

லேசான மஞ்சள் இல்லை. நான் ஒரு மாதமாக ஒவ்வொரு கண்ணாடியிலும் தேடிக்கொண்டிருந்த அதே மஞ்சள், அரைத்துப் பூசினாற்போல.

"ஏன்னா... உங்க கண்ணு..."

"தெரியும். நாலஞ்சு நாளா." முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. "நேக்கு ஒண்ணும் ஆகாதுடி. ஆம்பளைக்குப் படுத்துண்டு எழுந்தா சரியாயிடும்னு உன் டாக்டரே சொல்லியிருக்காளே. உன் நாள் தாண்டட்டும்னுதான் இருந்தேன்."

"நீங்கதான் குடிக்கவே இல்லையே! துளசிக்கு விடச் சொன்னேனே!"

அவர் துளசி டின்னைப் பார்த்தார். அது வெயிலில் காய்ந்து குச்சியாக நின்றது. "பிரசாதத்தைக் கொட்ட மனசு வரலை. நீ வாங்கிண்டு வந்து வெச்சிருக்கே. அந்த வயத்தோட பொறுமையா தூக்கிண்டு வந்திருக்கே. ஒரே மடக்கா குடிச்சுட்டேன்" என்றார். "அப்புறம் நீ பயந்துபோய்க் கணக்குப் போட ஆரம்பிச்சே. நானும் குடிச்சேன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படுவே. நீ கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை."

மழைக்காலம் முழுவதும் அவர் படுக்கையில் கிடந்தார். எங்கள் பெண் நல்லபடியாகப் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வர அனுமதியில்லாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எழுந்து நடமாடிய பிறகு, அவளை முதல்முதலாகக் கையில் வாங்கியவர் பால்கனி வெளிச்சத்துக்குத்தான் கொண்டுபோனார்.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, அவர் எனக்குச் செய்ததுபோல இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பையில் இருந்த என் நாலு கட்டத்தில் அவர் குடிக்காதவர்கள், நோயில்லாதவர்கள் கட்டத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று கட்டத்து மனிதர்களையும் இரண்டு தடவை வீடு தேடிப் போய்க் கேட்டேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.